மலிவான தேயிலையை ஏன் கடலில் கொட்டினார்கள்? பாஸ்டன், 1773

1773 நவம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. ‘டார்ட்மவுத்’ என்ற வணிகக் கப்பல் பாஸ்டன் துறைமுகத்துக்குள் வந்து சேர்ந்தது. திமிங்கில எண்ணெயை லண்டனில் இறக்கிவிட்டு, திரும்பும் வழிக்குக் கிடைத்த சரக்கை ஏற்றிக்கொண்டு வந்த கப்பல். அந்தச் சரக்கில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலைப் பெட்டிகள் 114 இருந்தன. சின்ன வயதில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டு பாஸ்டனில் அடிமையாக விற்கப்பட்ட ஃபிலிஸ் வீட்லி என்ற இளம் கவிஞரின் முதல் கவிதை நூலும், லண்டனில் அச்சாகி, அதே கப்பலில்தான் வந்தது. நூல் கரையேறியது. தேயிலை ஏறவில்லை.

டிசம்பர் 16 இரவு, இந்தக் கப்பலிலும் பின்னால் வந்த வேறு இரண்டு கப்பல்களிலும் இருந்த 340 பெட்டிகளை நூறுபேருக்கு மேற்பட்ட ஒரு கூட்டம் உடைத்துக் கடலில் கொட்டியது. எடை 92,000 ராத்தலுக்கு மேல் (ஒரு ராத்தல் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு). கம்பெனி போட்ட கணக்கில் நஷ்டம் 9,659 பவுண்டு. அடுத்த பதினாறு மாதத்தில் துப்பாக்கி வெடித்தது. இரண்டரை ஆண்டில் 13 காலனிகள் தனி நாடாகிவிட்டன.

பள்ளிக்கூடத்தில் இதை ஒரே வரியில் படித்தோம்: பிரிட்டன் வரியை ஏற்றியது, அமெரிக்கர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அந்த வரி எனக்குப் பல ஆண்டுகள் உறுத்தவே இல்லை. பிறகு 1773-ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டத்தை வாசித்தபோதுதான் தெரிந்தது, அந்தச் சட்டம் ஒரு பென்னி வரியைக்கூட ஏற்றவில்லை. ராத்தலுக்கு 3 பென்ஸ் என்ற சுங்கம் 1767-லிருந்தே இருந்தது. புதிய சட்டத்தால் தேயிலை விலை இறங்கத்தான் போகிறது. கடத்தல் தேயிலையோடு போட்டிபோடும் அளவுக்கு இறங்கப் போகிறது. அப்படியிருக்க, மலிவாக வந்த சரக்கை ஒரு ஊரே சேர்ந்து ஏன் கடலில் கொட்டியது?

இந்த ஆய்வு அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

பாதியாகக் குறைத்த வரி

கதை தேயிலையில் தொடங்கவில்லை, மொலாசஸில் தொடங்குகிறது. கரும்புச்சாறு காய்ச்சிச் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கறுத்த பாகு. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளைக் கசக்கிப் பிழிந்து விளைவித்த கரும்பிலிருந்து வருவது. பாஸ்டனைச் சுற்றிய வடக்குக் காலனிகளான நியூ இங்கிலாந்துக்காரர்கள் இதை வாங்கி ரம் காய்ச்சினார்கள். மீன், மரம், குதிரை எல்லாம் தெற்கே போகும். மொலாசஸ் வடக்கே வரும். பிரெஞ்சுத் தீவுகளின் மொலாசஸ் விலை குறைவு என்பதால் அதையே பெரிதும் வாங்கினார்கள். ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகள் நாடாளுமன்றத்தில் முறையிட்டு, 1733-ல் அந்நிய மொலாசஸுக்கு கேலனுக்கு 6 பென்ஸ் என்று தீர்வை போடவைத்தார்கள். அதைக் கட்டினால் ரம் காய்ச்சி லாபம் பார்க்க முடியாது. ஆகவே யாரும் கட்டவில்லை. சுங்க அதிகாரியின் கையில் கேலனுக்கு ஒரு பென்னி, ஒன்றரைப் பென்னி வைத்தால் சரக்கு இறங்கிவிடும். முப்பது ஆண்டுகள் இப்படியே ஓடியது. லண்டனுக்கும் தெரியும், பாஸ்டனுக்கும் தெரியும்.

1763-ல் பிரான்ஸுடனான ஏழாண்டுப் போர் முடிந்தது. பிரிட்டன் ஜெயித்தது, ஆனால் அதன் தேசியக் கடன் ஏறக்குறைய இருமடங்காகி 13 கோடி பவுண்டு அளவை எட்டியிருந்தது. அமெரிக்க எல்லையைக் காக்க ஏறத்தாழ 10,000 படைவீரர்களை அங்கேயே நிறுத்தவும் முடிவு செய்திருந்தார்கள். இங்கிலாந்தில் குடிமக்கள் ஏற்கெனவே கழுத்தளவு வரியில் இருந்தார்கள். காலனிக்காரர்கள் கட்டியது அதில் ஒரு சிறு பங்குதான். உங்களுக்காக நடந்த போர், உங்கள் காவலுக்கான படை, செலவில் கொஞ்சம் நீங்களும் கொடுங்கள் என்று பிரதமர் ஜார்ஜ் கிரென்வில் கேட்டார். இதை அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். லண்டன் மேசையில் உட்கார்ந்து பார்த்தால் இது நியாயமான கணக்கு.

1764-ல் கிரென்வில் மொலாசஸ் தீர்வையை 6 பென்ஸிலிருந்து 3 பென்ஸாக, சரிபாதியாகக் குறைத்தார். காலனிகள் கொதித்தது அப்போதுதான். காரணம், இந்த முறை வசூலித்தே தீருவது என்ற முடிவோடு சட்டம் வந்தது. கடற்படைக் கப்பல்கள் கரையோரம் ரோந்து வந்தன. ஏற்றும் சரக்குக்கெல்லாம் பத்திரம், பிணை, சான்று. ஒரு தாள் குறைந்தாலும் கப்பலும் சரக்கும் பறிமுதல். பறிமுதலான சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மன்னருக்கு, ஒரு பங்கு ஆளுநருக்கு, ஒரு பங்கு பிடித்துக்கொடுத்த அதிகாரிக்கு. வழக்கு உள்ளூர் ஜூரியிடம் போகாது. ஜூரியே இல்லாத கடற்படை நீதிமன்றத்தில் நடக்கலாம், அப்படி ஒன்றைத் தொலைதூர ஹாலிஃபாக்ஸில் திறந்தும் வைத்தார்கள். குற்றமில்லை என்று நிரூபிக்கும் பாரம் சரக்குக்காரன் தலையில். அவன் ஜெயித்துவிட்டாலும், சந்தேகத்துக்கு இடமிருந்தது என்று நீதிபதி ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், பிடித்த அதிகாரியிடம் நஷ்டஈடு கேட்க முடியாது.

துறைமுகத்தில் சரக்கு கிளியரன்ஸ் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் இந்த இடத்தைக் கடந்துபோக என்னால் முடிவதில்லை. தீர்வை எவ்வளவு என்பதை வியாபாரி எப்படியோ விலையில் ஏற்றிச் சமாளித்துவிடுவான். ஒரு கையெழுத்துக்காகச் சரக்கு கப்பலிலேயே கிடக்கும்போது, யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாமல் நிற்கும்போதுதான் அவன் அரசாங்கத்தை வெறுக்கத் தொடங்குகிறான். 1764-க்குப் பிறகு நியூ இங்கிலாந்துத் துறைமுகங்களில் அந்த நிலை வந்தது. அதே ஆண்டு வந்த நாணயச் சட்டம் காலனிகளின் சொந்தக் காகிதப் பணத்தைக் கடன் தீர்க்கச் செல்லாது என்றாக்கியது. ரொக்கம் ஏற்கெனவே அரிது. அந்த அரிய வெள்ளியில்தான் தீர்வையைக் கட்ட வேண்டும்.

கொடும்பாவியும் கைராட்டையும்

1765 முத்திரைத்தாள் சட்டத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது, சுருக்கிச் சொல்கிறேன். செய்தித்தாள், பத்திரம், உயில், பஞ்சாங்கம், சீட்டுக்கட்டு, பட்டச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் முத்திரை வரி. வக்கீல், அச்சகக்காரர், வணிகர், மதுக்கடைக்காரர் என்று ஊரில் நாலுபேரைக் கூட்டவும் பேசவும் தெரிந்த அத்தனை பேரையும் ஒரே சட்டத்தால் பகைத்துக்கொண்டது லண்டன். ஆகஸ்ட் 14 அன்று பாஸ்டனில் முத்திரை விநியோகஸ்தராக நியமிக்கப்பட்டிருந்த ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவி ஒரு பெரிய மரத்தில் தொங்கியது. கூட்டத்தை நடத்திச் சென்றவர் எபனீசர் மக்கின்டோஷ் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி. பன்னிரண்டு நாள் கழித்துத் துணை ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனின் வீட்டைக் கூட்டம் சூறையாடியது. சுவரில் பதித்த மரப்பலகைகளைக்கூட விடவில்லை. இந்த ஹட்சின்சன் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அக்டோபரில் 9 காலனிகளின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடினார்கள். வணிகர்கள் பிரிட்டிஷ் சரக்கு வாங்குவதில்லை என்று ஒப்பந்தம் போட்டார்கள். விற்பனை படுத்ததும் லண்டன் வணிகர்களே நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டி, சட்டத்தைத் திரும்பப் பெறுங்கள் என்று மனுக்கொடுத்தார்கள். 1766 மார்ச்சில் சட்டம் ரத்தானது. கூடவே, எந்த விஷயத்திலும் காலனிகளுக்குச் சட்டம் போடும் முழு உரிமை எங்களுக்கு உண்டு என்று இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றிக்கொண்டது நாடாளுமன்றம். ஊரே மணியடித்துக் கொண்டாடியதில் இந்த இரண்டாவது சட்டத்தைப் பலர் கவனிக்கவில்லை.

1767-ல் நிதியமைச்சர் சார்லஸ் டவுன்ஷெண்ட் கண்ணாடி, ஈயம், வண்ணப்பூச்சு, காகிதம், தேயிலை ஆகியவற்றுக்குத் துறைமுகத் தீர்வை போட்டார். பணம் பெரிதல்ல. அதை எதற்குச் செலவிடப் போகிறார்கள் என்பதில்தான் விஷம் இருந்தது. அதுவரை ஆளுநருக்கும் நீதிபதிக்கும் சம்பளம் கொடுத்தது அந்தந்தக் காலனியின் சட்டமன்றம். சொன்னபடி கேட்காத ஆளுநரின் சம்பளத்தை நிறுத்திவைக்கலாம். மக்கள் கையில் இருந்த ஒரே கடிவாளம் அது. இனி அந்தச் சம்பளத்தைத் தீர்வைப் பணத்திலிருந்து மன்னரே கொடுப்பார் என்றது புதிய ஏற்பாடு. என் பணத்தை என் சம்மதமில்லாமல் எடுத்து, என் சொல்லுக்குக் கட்டுப்படாத அதிகாரிக்குச் சம்பளமாகக் கொடுக்கிறாய் என்பதுதான் குற்றச்சாட்டு. ‘பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை’ என்ற முழக்கத்தின் சதையும் ரத்தமும் இங்கேதான் இருக்கிறது.

மறுபடி புறக்கணிப்பு. இம்முறை வீட்டுக்குள்ளும் புகுந்தது. பெண்கள் பாதிரியார் வீட்டில் கூடி நாள் முழுக்க ராட்டையில் நூல் நூற்றார்கள். வீட்டில் நெய்த முரட்டுத் துணி அணிவது பெருமையானது. அரசும் கையை ஓங்கியது. சுங்க ஆணையர் வாரியம் பாஸ்டனிலேயே வந்து உட்கார்ந்தது. 1768 ஜூனில் பாஸ்டன் வணிகர் ஜான் ஹான்காக்கின் ‘லிபர்ட்டி’ கப்பலை அவர்கள் பறிமுதல் செய்ய, ஊர் கலவரமாகி, அக்டோபரில் பிரிட்டனின் சிவப்புச் சட்டைப் படை இறங்கியது. 1770 மார்ச் 5 அன்று சுங்க அலுவலகத்து வாசலில் படைவீரர்கள் சுட்டதில் 5 பேர் இறந்தார்கள். அதே நாளில், இந்தச் செய்தி தெரியாமலே, லண்டனில் பிரதமர் நார்த் பிரபு டவுன்ஷெண்ட் தீர்வைகளை விலக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். ஒன்றைத் தவிர. தேயிலையின் 3 பென்ஸ் மட்டும் நிற்கும் என்று அமைச்சரவை முந்தைய ஆண்டே முடிவு செய்திருந்தது. வாக்கு 5-க்கு 4. ஒரே ஒரு வாக்கு.

பஞ்சமும் பங்குச்சந்தையும்

கதை இங்கே நம் பக்கம் திரும்புகிறது. அமெரிக்கப் புரட்சியைப் படிக்கும் நம்மவர்கள் இதைக் கண்டுகொள்ளாமல் போவது எனக்கு ஆதங்கம்.

1765-ல் வங்காளத்தின் வரிவசூல் உரிமையான திவானி கம்பெனியின் கைக்கு வந்ததும் லண்டனில் கம்பெனிப் பங்குகள் பறந்தன. அமெரிக்காவுக்குத் தீர்வை போட்ட அதே 1767-ல், ஆண்டுக்கு 4 லட்சம் பவுண்டு அரசுக்குத் தருவதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது. 1769-ல் ஹைதர் அலியின் குதிரைப்படை கர்நாடகப் பகுதியைக் கலக்கி, சென்னையின் வாசல் வரை வந்து, தன் நிபந்தனைகளுக்குக் கம்பெனியைக் கையெழுத்திடவைத்தது. தெற்கே போர் மோசமாகப் போகிறது என்ற செய்தி அந்த மே மாதம் லண்டனை எட்டியதும் பங்கு விலை சரிந்தது. (ஹைதரின் புகழ் அமெரிக்காவையும் எட்டியது. 1782-ல் பென்சில்வேனியாக்காரர்கள் ஆயுதம் பூட்டி அனுப்பிய ஒரு கப்பலுக்கு ‘ஹைதர் அலி’ என்றே பெயர் வைத்தார்கள். அது ஒரு ஆங்கிலேயப் போர்க்கப்பலைப் பிடிக்கவும் செய்தது.)

அடுத்து வங்காளப் பஞ்சம். மழை பொய்த்தது, கம்பெனி வரியைக் கறாராக வசூலித்தது, அதன் ஆட்கள் அரிசி வாங்கிப் பதுக்கினார்கள் என்ற புகார் லண்டன் வரை போனது. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கேனும் அழிந்ததாக வாரன் ஹேஸ்டிங்ஸே பின்னர் எழுதினார். உழுபவன் செத்துக் கிடக்கும் நிலத்திலிருந்து வருமானம் எப்படி வரும்? 1772 ஜூனில் லண்டன் வங்கி ஒன்று முறிந்து ஐரோப்பா முழுக்கக் கடன் நெருக்கடி பரவ, கம்பெனி கையேந்தி நின்றது. அரசு 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தது. பதிலுக்கு ஒழுங்குமுறைச் சட்டம் என்ற கடிவாளத்தையும் போட்டது. கம்பெனியின் கிடங்குகளில் அப்போது ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சம் ராத்தல் சீனத் தேயிலை விற்காமல் தேங்கிக் கிடந்தது. அதை எங்காவது தள்ளியாக வேண்டும்.

அதற்குத்தான் 1773 மே மாதத் தேயிலைச் சட்டம். அதுவரை கம்பெனி தன் தேயிலையை லண்டன் ஏலத்தில்தான் விற்கலாம். அங்கிருந்து மொத்த வியாபாரி, ஏற்றுமதியாளர், காலனி இறக்குமதியாளர், சில்லறைக்கடை என்று ஒவ்வொரு கையிலும் விலை ஏறும். இனி கம்பெனியே நேராகக் காலனிக்கு அனுப்பி, தான் பொறுக்கியெடுத்த ஏஜெண்டுகள் மூலம் விற்கலாம். இங்கிலாந்தில் கட்டிய இறக்குமதித் தீர்வை முழுதும் திருப்பித் தரப்படும். திருப்பூர் ஏற்றுமதிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். அவர்கள் அன்றாடம் சொல்லும் டிராபேக்தான் இது. ஆக, இங்கிலாந்துத் தீர்வை போச்சு, இடைத்தரகு போச்சு. மிஞ்சியது அமெரிக்காவில் கட்டும் 3 பென்ஸ் மட்டும்.

அந்த 3 பென்ஸையும் எடுத்துவிடுங்கள், எடுக்காவிட்டால் அவர்கள் தேயிலையை வாங்கமாட்டார்கள் என்று வில்லியம் டவுட்ஸ்வெல் என்ற உறுப்பினர் நாடாளுமன்றத்தில் நார்த்திடம் நேராகவே எச்சரித்தார். நார்த் மறுத்தார். ஆளுநர், நீதிபதி சம்பளம் அந்தத் தீர்வையிலிருந்து போகிறதே. முழு விவகாரத்திலும் மிக விலையுயர்ந்த பிடிவாதம் இதுதான் என்பது என் கணிப்பு. 3 பென்ஸை விட்டிருந்தால் கம்பெனித் தேயிலை சத்தமில்லாமல் கரையேறியிருக்கும். எதிர்த்துப் பேச ஒருவருக்கும் காரணம் கிடைத்திருக்காது.

கடத்தல்காரர்கள் தங்கள் லாபம் போகிறதே என்று தூண்டிவிட்டார்கள் என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். நியூயார்க், பிலடெல்பியா பற்றிச் சொன்னால் அதில் உண்மை உண்டு. அங்கே குடித்தது பெரும்பாலும் டச்சுக் கடத்தல் தேயிலை. ஆனால் பாஸ்டன் 1770-க்குப் பிறகு தீர்வை கட்டிய தேயிலையைக் கணிசமாக இறக்கிக்கொண்டிருந்த ஊர். அங்கே சட்டப்படி தேயிலை விற்ற வணிகனுக்கும் கோபம் வந்தது, ஏனென்றால் ஏஜெண்டுகள் பட்டியலில் அவன் பெயர் இல்லை. அப்பட்டியலில் இருந்தவர்களில் இருவர் இப்போது ஆளுநராகிவிட்ட ஹட்சின்சனின் மகன்கள். இன்று தேயிலை, நாளை எந்தச் சரக்கு வேண்டுமானாலும் இப்படி ஒருவன் கைக்குப் போகலாமே என்ற அச்சம் கடைத்தெரு முழுக்கப் பரவியது. வங்காளத்தில் கம்பெனி செய்ததும் அவர்களுக்குத் தெரியும். பிலடெல்பியாவின் ஜான் டிக்கின்சன் அந்த நவம்பரில் புனைபெயரில் எழுதிய கடிதத்தில், ஒரே ஆண்டில் 15 லட்சம் பேர் பட்டினியில் மாண்டார்கள், மண் விளையாததால் அல்ல, கம்பெனியும் அதன் ஊழியரும் உணவையெல்லாம் விழுங்கியதால் என்று குற்றம்சாட்டி, அடுத்து அவர்கள் கண் வைத்திருப்பது அமெரிக்காமீது என்றார். நம் மக்களின் சாவு பாஸ்டன் வாதத்தில் ஒரு சாட்சியாக நின்றது.

20 நாள்

இனி கப்பலுக்குத் திரும்புவோம். துறைமுகத்துக்குள் வந்து பதிவான கப்பல், 20 நாளுக்குள் தீர்வை கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் சுங்கத்துறை சரக்கைப் பறிமுதல் செய்யலாம். பறித்ததை விற்று, தீர்வையையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். டார்ட்மவுத்துக்குக் கெடு டிசம்பர் 16 நள்ளிரவு.

ஊரார் நவம்பர் 29-லும் 30-லும் கூடி, தேயிலை வந்த கப்பலிலேயே திரும்ப வேண்டும் என்று தீர்மானித்தார்கள். திருட்டுத்தனமாக இறக்கிவிடக் கூடாதென்று 25 பேர் கொண்ட காவல் இரவும் பகலும் கிரிஃபின் துறையில் நின்றது. பிலடெல்பியாவுக்கு வந்த தேயிலைக் கப்பல் அப்படித்தான் திரும்பிப் போனது. பாஸ்டனில் சிக்கல் மூன்று முடிச்சாக விழுந்தது. தீர்வை கட்டாமல் சுங்கத்துறை புறப்பாட்டுச் சீட்டு தராது. சீட்டு இல்லாமல் ஆளுநர் கடவு அனுமதி தரமாட்டார். அனுமதி இல்லாமல் துறைமுக வாயிலில் உள்ள கோட்டையின் பீரங்கிகளைத் தாண்ட முடியாது. ஏஜெண்டுகளோ அந்தக் கோட்டைக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டார்கள்.

கப்பல் சொந்தக்காரக் குடும்பத்தின் பிரதிநிதியாக நடுவில் மாட்டிக்கொண்டவர் ஃபிரான்சிஸ் ராட்ச், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த 23 வயது இளைஞர். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பரிதாபப்படத் தோன்றுவது இவர்மேல்தான். தேயிலையை இறக்கினால் ஊர் விடாது. இறக்காமல் கிளம்பினால் பீரங்கி விடாது. கப்பல் கரையில் சும்மா கிடக்கும் ஒவ்வொரு நாளும் நஷ்டம்.

டிசம்பர் 16 அன்று ஓல்ட் சவுத் வழிபாட்டு மண்டபத்திலும் சுற்றிலும் ஏறக்குறைய 5,000 பேர் கூடினார்கள். ஊரின் மக்கள்தொகையே சுமார் 16,000. கடைசியாக ஒருமுறை ஆளுநரிடம் போய்க் கேள் என்று ராட்சை மில்டனுக்கு அனுப்பினார்கள். ஹட்சின்சன் மறுத்தார். அவர் மனநிலையை ஊகிப்பது கடினமல்ல. எட்டு ஆண்டுக்குமுன் இதே ஊர் அவர் வீட்டை இடித்தது. அவர் மகன்கள் ஏஜெண்டுகள். அவர் சம்பளமே தேயிலைத் தீர்வையிலிருந்து வருகிறது. தவிர, சட்டத்தின் எழுத்து அவர் பக்கம் இருந்தது.

இருட்டியபின் ராட்ச் திரும்பிவந்து பதிலைச் சொன்னார். நாட்டைக் காக்க இந்தக் கூட்டத்தால் இனி எதுவும் செய்வதற்கில்லை என்று எதிர்ப்பின் தலைவர்களில் ஒருவரான சாமுவேல் ஆடம்ஸ் அறிவித்தார். சற்றைக்கெல்லாம் வெளியே கூச்சல் எழுந்தது. முகத்தில் கரி பூசி, கம்பளி போர்த்தி, மோஹாக் பழங்குடியினர்போல வேடமிட்டவர்கள் துறையை நோக்கி நடந்தார்கள்.

அவர்களில் ஒருவர் ஜார்ஜ் ராபர்ட் ட்வெல்வ்ஸ் ஹியூஸ், செருப்புத் தைப்பவர். கொல்லன் பட்டறைக் கரித்தூளை முகத்தில் பூசிக்கொண்டு வந்ததையும், கப்பல் தலைவரிடம் போய்க் கீழ்த்தள மூடிகளின் சாவியையும் ஒரு டஜன் மெழுகுவர்த்தியையும் கேட்டதையும் முதுமையில் விவரித்திருக்கிறார். தலைவர் கொடுத்துவிட்டார், கப்பலைச் சேதப்படுத்த வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். பெட்டிகளைக் கயிற்றுக் கப்பியில் மேலே இழுத்து, கோடரியால் பிளந்து, கடலில் கவிழ்த்தார்கள். சுமார் மூன்று மணி நேர வேலை. கரையில் கூட்டம் வாய்திறவாமல் பார்த்துக்கொண்டு நின்றது. சுற்றிலும் போர்க்கப்பல்கள் நின்றன, சுடவில்லை. கடல் வற்றம் என்பதால் தேயிலை நீரில் அமிழாமல் வைக்கோல்போர் போலக் குவிந்து கப்பல் விளிம்பைத் தொட்டது. காலால் தள்ளி விட வேண்டியிருந்தது. சட்டையின் உள்மடிப்பில் தேயிலையைத் திணித்துக்கொண்ட ஒருவனைப் பிடித்து உதைத்தார்கள். உடைந்த ஒரு பூட்டுக்குப் பதிலாகப் புதுப்பூட்டு வாங்கிக் கொடுத்தார்கள். தேயிலையைத் தவிர வேறு எதையும் தொடவில்லை என்று காட்டுவது அவர்களுக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது.

கமிட்டி

லண்டன் பதிலடி 1774 வசந்தத்தில் வந்தது. தேயிலைக்குப் பணம் கட்டும்வரை பாஸ்டன் துறைமுகம் ஜூன் 1 முதல் மூடப்படும். மாசசூசெட்ஸின் மேலவை இனி மன்னரின் நியமனம். ஊர்க்கூட்டம் ஆண்டுக்கு ஒருமுறைதான், அதற்குமேல் ஆளுநர் அனுமதி வேண்டும். நூற்றுச் சில்லறை பேர் செய்த காரியத்துக்கு ஊரையே பட்டினி போட்டதும் மற்ற காலனிகள் ஒதுங்கி நிற்கவில்லை. தென் கரோலைனாவிலிருந்து அரிசி வந்தது. கனெக்டிகட்டின் விண்டம் ஊரார் 258 ஆடுகளை ஓட்டி அனுப்பினார்கள். தேயிலையைக் கொட்டியது தவறு, பணத்தைக் கட்டிவிடுங்கள் என்று முன்பு சொன்னவர்கள்கூட இப்போது பாஸ்டன் பக்கம் நின்றார்கள்.

வர்ஜீனியாவின் புகையிலைப் பண்ணையாருக்குத் தேயிலைக் கப்பலோடு என்ன சம்பந்தம்? அவர் புகையிலை பிரிட்டனுக்குத்தான் போக வேண்டும் என்பது நூறாண்டுச் சட்டம். அங்கே வணிகர் சொன்ன விலைதான் விலை. அங்கிருந்தே துணியும் வண்டியும் கடனுக்கு வரும். கடன் ஏறிக்கொண்டே போகும். ஜார்ஜ் வாஷிங்டனே லண்டன் முகவருக்கு விலை பற்றியும் மட்டமான சரக்கு பற்றியும் சலித்துச் சலித்து எழுதியவர். 1760-களில் புகையிலையை விட்டுக் கோதுமைக்கு மாறியவர். அவருக்குப் பாஸ்டனின் குரல் அந்நியமாகக் கேட்கவில்லை.

செப்டம்பரில் 12 காலனிகள் பிலடெல்பியாவில் கூடி ஒரு வணிக ஒப்பந்தத்தை எழுதின: 1774 டிசம்பர் முதல் பிரிட்டிஷ் சரக்கு இறக்குமதி இல்லை. அதை நடைமுறைப்படுத்த ஒவ்வொரு ஊரிலும் கமிட்டி தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்றது அதன் 11-ஆம் பிரிவு. இந்தப் பிரிவைத்தான் நான் புரட்சியின் உண்மையான தொடக்கமாகப் பார்க்கிறேன். கமிட்டி கப்பலைச் சோதித்தது, கணக்குப் புத்தகத்தைப் புரட்டியது, விலையைக் கட்டுப்படுத்தியது, மீறியவன் பெயரைச் செய்தித்தாளில் போட்டு ஊர்விலக்கம் செய்தது. சுங்க அலுவலகம் பத்தாண்டுகளாகச் செய்ய முயன்று முடியாததை அது சில மாதத்தில் செய்துகாட்டியது. அடுத்த ஆண்டு பிரிட்டனிலிருந்து வந்த சரக்கின் மதிப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது.

மாசசூசெட்ஸின் உட்புறக் கிராமங்கள் அதற்கும் முன்பே ஒரு படி தாண்டியிருந்தன. 1774 செப்டம்பர் 6 அன்று வூஸ்டர் என்ற சிற்றூரில் 4,600-க்கும் மேற்பட்ட விவசாயிகள் தெருவின் இருபுறமும் அணிவகுத்து நின்று, மன்னரின் நீதிமன்றத்தைத் திறக்க வந்த நீதிபதிகளையும் அலுவலர்களையும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நடுவே நடக்கவைத்தார்கள். இனி அந்தப் பதவியில் இருக்கமாட்டோம் என்று ஒவ்வொரு அணியின் முன்னும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே அவர்கள் நடந்தார்கள். ஒரு குண்டு சுடப்படவில்லை. போரைத் தொடங்கிவைத்த லெக்சிங்டன் துப்பாக்கிச் சூட்டுக்கு அப்போது ஏழு மாதம் இருந்தது.

இந்த விடுதலைக் குரலின் உள்ளே இருந்த பிளவைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. 1773-லேயே பாஸ்டன் அடிமைகள் தங்கள் விடுதலைக்காக மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தில் மனுக்கொடுத்திருந்தார்கள், பலன் இல்லை. டார்ட்மவுத்தில் நூல் வந்த ஃபிலிஸ் வீட்லி, விடுதலை பெற்ற சில மாதங்களில், 1774 பிப்ரவரியில் எழுதிய கடிதத்தில், சுதந்திரத்துக்காகக் கூவுகிறவர்களே பிறர்மீது அடக்குமுறை செலுத்துவது எப்படிப் பொருந்தும் என்று கேட்டார். கொட்டிய தேயிலைக்கும் காய்ச்சிய ரம்முக்கும் கணக்குப் பார்த்த ஊர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

கொட்டப்படாத தேயிலை ஒன்றும் இருந்தது. தென் கரோலைனாவின் சார்ல்ஸ்டனுக்கு 257 பெட்டிகளோடு வந்த ‘லண்டன்’ கப்பலுக்கும் அதே 20 நாள் கெடுதான். அங்கே கெடு முடிந்ததும் சுங்கத்துறை தேயிலையைப் பறிமுதல் செய்து எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் நிலவறையில் பூட்டி வைத்தது. எடுத்து விற்கத் துணியவில்லை. பெட்டிகள் அப்படியே கிடந்தன. 1776-ல் மன்னரின் ஆட்சி அந்த ஊரைவிட்டுப் போனபின், நிலவறையைத் திறந்து தேயிலையை எடுத்து, போர்ச்செலவுக்காக விற்றது புதிய அரசு.